முறுக்கு வியாபாரமும் வேகத் தட்டும்



இந்தத் தடவை வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம். உங்கள் கடிதங்களுக்கு அடுத்த இதழில் பதில் உண்டு.

பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறார். இவர் வீட்டில் முறுக்கு, அச்சு முறுக்கு, ஓமப்பொடி, நெய்யுருண்டை எல்லாம் செய்து விற்கிறார். முதலில் தோட்டத்துக்குள் விற்றார். பிறகு பட்டணத்தில் இரண்டு சாமான் கடைகளுக்குப் போட்டார். கணினி படித்த அக்காள் மகன் ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்த பிறகு, கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் ஆர்டர் வரத் தொடங்கியிருக்கிறது. அவர் எழுதுவதைக் கேளுங்கள்:

"போன தீபாவளிக்கு முந்தின வாரம் பக்கம் திறக்கவே இல்லை, ஐயா. சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று போன் செய்தவர்கள் பாதிப் பேர். போன் செய்யாமல் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டவர்கள் எத்தனை பேரோ! பக்கத்தை வைத்திருக்கும் கம்பெனிக்காரர், மாதம் 15 வெள்ளி கட்டுவதை 45 வெள்ளியாக்கினால் அதிவேக எஸ்.எஸ்.டி. சர்வருக்கு மாற்றிக் கொடுக்கிறோம், அது கெடவே கெடாது என்கிறார். வருடத்துக்கு 360 வெள்ளி கூடுதல். எங்களுக்கு அது சின்னக் காசு இல்லை. கொடுக்கலாமா, வேண்டாமா?"

சகோதரி, முதலில் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். வேகமாகும் என்பது உண்மை. கெடவே கெடாது என்பது பொய். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி விற்பதால்தான் வம்பு வருகிறது.

இணையப் பக்கம் என்றால் ஏதோ ஆகாயத்தில் மிதப்பது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில், இரவும் பகலும் ஓய்வில்லாமல் ஓடும் ஒரு கணினிக்குள் உங்கள் முறுக்குப் படமும் விலைப்பட்டியலும் இருக்கின்றன. அந்தக் கணினிக்குப் பெயர்தான் சர்வர். அதில் இடத்தை வாடகைக்கு விடுவதுதான் ஹோஸ்டிங் தொழில். ஜொகூரில் கூலாய் யங் எஸ்டேட் என்ற தோட்டத்தைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022-இல் அது ஒய்.டி.எல். குழுமத்தின் கைக்குப் போனது. செம்பனை நின்ற அந்த மண்ணில் இப்போது சர்வர்களுக்கான கட்டடங்கள் நிற்கின்றன. லயங்கள் இருந்த ஊரில் யந்திரங்களுக்கு வீடு. காலம் செய்யும் வேலையைப் பாருங்கள்!

அந்த யந்திரத்துக்குள் தகவலை எழுதி வைக்கும் இடம் இரண்டு வகை. பழையது ஹார்ட் டிஸ்க். நம் வீட்டில் முன்பு இருந்த இசைத்தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டு சுழல்கிறது, முள் வந்து உட்கார்ந்து படிக்கிறது. ஹார்ட் டிஸ்க்கும் அந்த மாதிரிதான், நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும். ஆனால் முள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர வேண்டும், தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். அதனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் விவரங்களை விநாடிக்கு ஏறக்குறைய 100 தடவைதான் அதனால் எடுத்துத் தர முடியும்.

புதியது எஸ்.எஸ்.டி. இதில் சுழலும் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. பேச்சு வழக்கில் இதையும் தட்டு என்கிறோம், அவ்வளவுதான். உள்ளே இருப்பவை சிறு சில்லுகள். ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோக்கா என்ற பொறியாளர் 1980-களில் கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகம் என்பது இதுதான். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சிறு அறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைத்துத் தகவலைக் காக்கிறது. எந்த அறையையும் நேராகத் தட்டிக் கேட்கலாம். சாதாரண எஸ்.எஸ்.டி.கூட விநாடிக்குப் பல்லாயிரம் தடவை எடுத்துத் தரும். என்.வி.எம்.இ. என்று சொல்லி விற்கும் புது வகை, லட்சக்கணக்கில் தரும்.

இந்த மாற்றம் நம் வீட்டு வாசலிலேயே நடந்ததுதான். பெட்டாலிங் ஜெயாவில் இருந்த தன் ஹார்ட் டிஸ்க் ஆலையை 2019 முடிவுக்குள் மூடுவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் 2018-இல் அறிவித்தது. பினாங்கு பக்கம் பத்து காவானில் எஸ்.எஸ்.டி. ஆலைகள் எழுந்தன. கம்பெனி பஸ் ஏறி இந்த மாதிரி ஆலைகளுக்குப் போய்வந்த தோட்டத்துப் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! அதைத் தனியாக ஒரு தடவை எழுத வேண்டும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். தீபாவளி வாரத்தில் ஒரே நேரத்தில் 50 பேர் உங்கள் பக்கத்தைத் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் சரக்கு இருப்பு, விலை, பழைய ஆர்டர் என்று 100 விவரங்களைத் தேடி எடுக்க வேண்டுமென்றால் மொத்தம் 5,000 தேடல். ஹார்ட் டிஸ்க்குக்கு அது 50 விநாடி வேலை. பால் நிறுக்க ஒரே ஒரு கிராணியார் உட்கார்ந்திருக்க, வாளியோடு தோட்டமே வரிசையில் நிற்கிற கதைதான். எஸ்.எஸ்.டி.க்கு அது ஒரு விநாடிகூட ஆகாது. ஆக, கம்பெனிக்காரர் சொல்வதில் இந்தப் பாதி நியாயமானது.

ஆனால் உங்கள் பக்கத்தை நானும் திறந்து பார்த்தேன். படங்கள் அருமை, சந்தேகமில்லை. அந்த அச்சு முறுக்குப் படத்தைப் பார்த்ததும் தேத்தண்ணி போடச் சொல்லிவிட்டேன். இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். கைப்பேசியில் எடுத்ததை அப்படியே போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் 5 எம்.பி. கனம். முதல் பக்கத்திலேயே 20 படம், ஆக 100 எம்.பி. அதைச் சர்வருக்குள்ளே தட்டிலிருந்து எடுக்க ஹார்ட் டிஸ்க்குக்கு முக்கால் விநாடி, எஸ்.எஸ்.டி.க்குக் கால் விநாடி ஆகும் என்று வையுங்கள். மிச்சம் அரை விநாடி. ஆனால் வாங்குபவர் கையில் இருக்கும் கைப்பேசிக்கு 10 எம்.பி.பி.எஸ். லைன் என்றால், அந்த 100 எம்.பி. வந்து சேர 80 விநாடி ஆகும். அதற்குள் அவர் அடுத்த கடைக்குப் போயிருப்பார். ஒவ்வொரு படத்தையும் 200 கே.பி. அளவுக்குச் சுருக்கினால் மொத்தம் 4 எம்.பி.தான். மூன்று நாலு விநாடியில் திறந்துவிடும். அக்காள் மகனுக்கு ஒரு சாயங்கால வேலை. ஒரு காசு செலவில்லை. அதைச் செய்யாமல் 360 வெள்ளியைக் கொடுத்தால் அடுத்த தீபாவளிக்கும் பக்கம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொன்று. இன்றைக்கு ஹோஸ்டிங் தொழில் செய்கிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே எஸ்.எஸ்.டி.யில்தான் வைத்திருக்கிறார்கள். நீங்கள் கட்டும் 15 வெள்ளி இடமே எஸ்.எஸ்.டி.யாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். ஒரே சர்வரில் சில நூறு பேரை அடைத்து வைத்திருந்தால் தட்டு எவ்வளவு வேகமாக இருந்து என்ன பயன்?

சரி, "கெடவே கெடாது" என்ற பாதிக்கு வருகிறேன். இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

பால்மரம் வெட்டினவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மரத்தில் பட்டை இருக்கும்வரைதான் பால். ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். ஒரே இடத்தில் தினமும் வெட்டினால் பட்டை தீர்ந்துபோகும். எஸ்.எஸ்.டி.யின் சிறு அறைகளும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை அழித்து எழுதும்போதும் அறையின் சுவர் கொஞ்சம் தேய்கிறது. அறைக்கு ஒரே ஒரு துணுக்குத் தகவல் வைத்த பழைய வகை, ஏறக்குறைய 1,00,000 தடவை தாங்கும் என்பார்கள். இன்று இடத்தை மிச்சம் பிடிக்க ஒரே அறையில் மூன்று துணுக்கு, நாலு துணுக்கு என்று திணிக்கிறார்கள். மூன்று துணுக்கு வகை தாங்குவது ஓராயிரம் முதல் சில ஆயிரம் தடவைதான். மரத்துப் பட்டை சில வருடத்தில் மறுபடி வளரும். இது வளராது.

அதனால் தட்டுக்குள்ளேயே ஒரு மண்டோர் உட்கார்ந்திருக்கிறார். அது ஒரு சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு. ஒரே நிரையைத் திரும்பத் திரும்ப வெட்டவிடாமல், எல்லா அறைகளுக்கும் வேலையைப் பரப்பிக் கொடுக்கும். அதனால் தட்டின் ஆயுள் நீள்கிறது. வீட்டுக் கணினிக்கென்று விற்கும் 1 டி.பி. தட்டுகளில் 600 டி.பி. வரை எழுதலாம் என்று உத்தரவாதம் கொடுப்பவை உண்டு. சர்வருக்கென்று செய்தவற்றில், தட்டு நிறைய தினமும் ஒரு தடவை வீதம் 5 வருடம் எழுதலாம் என்று சொல்பவை உண்டு. 1 டி.பி. தட்டுக்கு அது 1,825 டி.பி. கணக்கு. முறுக்குக் கடை ஆர்டரெல்லாம் இதில் கடலில் போட்ட கல் உப்பு.

சர்வருக்கென்று செய்த தட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. திடீரென்று கரண்ட் போனால், கையில் வைத்திருக்கும் கடைசித் தகவலைப் பத்திரமாக எழுதி முடிக்கும் அளவுக்கு மின்சாரத்தை அது தன்னிடமே சேமித்து வைத்திருக்கும். வீட்டுத் தட்டுகளில் பெரும்பாலும் அது கிடையாது. மலிவு விலைக்கு ஹோஸ்டிங் தருகிற சிலர் வீட்டுத் தட்டையே சர்வரில் மாட்டிவிடுவதும் உண்டு. இரவு பத்து மணிக்கு எஞ்சினை நிறுத்தினால் தோட்டமே இருளில் மூழ்கிய காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பாதி எழுதின கடிதம் அப்படியே நின்றுபோகும்.

ஆக, தேய்ந்து போவது அல்ல பெரிய பயம். 2016-இல் டொரோண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியை பியாங்கா ஷ்ரோடர், கூகுள் பொறியாளர்கள் இருவருடன் சேர்ந்து ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். கூகுளின் சர்வர்களில் 6 வருட காலம் ஓடிய எஸ்.எஸ்.டி.களைக் கணக்கெடுத்தார்கள். நாலு வருடத்தில் மாற்ற வேண்டி வந்தவை 100-க்கு 4 முதல் 10 வரை. ஹார்ட் டிஸ்க்கை விட இது நல்ல கணக்குத்தான். ஆனால் அதே நாலு வருடத்தில், திருத்த முடியாத பிழை ஒரு தடவையாவது வந்த தட்டுகள், வகைக்கு வகை 100-க்கு 20 முதல் 63 வரை! தட்டு உயிரோடுதான் இருக்கும். உள்ளே ஒரு சில பக்கங்கள் மட்டும் படிக்க முடியாமல் போயிருக்கும். விலை உயர்ந்த வகை அப்படி ஒன்றும் உயர்ந்து நிற்கவில்லை என்பதும் அதே ஆராய்ச்சியில் தெரிந்தது.

இதைவிட மோசம், முன்னறிவிப்பு இல்லாமல் போவது. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பல நேரம் கடகடவென்று சத்தம் போடும். நாமும் பயந்து படி எடுத்துக்கொள்வோம். எஸ்.எஸ்.டி. காலையில் நன்றாக ஓடும், மதியம் பேச்சு மூச்சு இருக்காது. 2019 நவம்பரில் ஹியூலெட் பேக்கார்ட் எண்டர்பிரைஸ் கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்கு அவசரமாக ஓர் அறிவிப்புச் செய்தது. அவர்கள் விற்ற சில வகை எஸ்.எஸ்.டி.களில் உள்ளே எழுதிய கட்டளையில் ஒரு தவறு. 32,768 மணி நேரம் ஓடி முடித்ததும் தட்டு செத்துப்போகும். அதாவது 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். தட்டும் போகும், தகவலும் திரும்பாது. முன்கூட்டியே திருத்தம் போட்டுக்கொண்டால்தான் தப்பலாம். அடுத்த வருடமே வேறு சில தட்டுகளில் 40,000 மணிக்கு அதே மாதிரி தவறு.

இதில் பயங்கரம் எங்கே இருக்கிறது தெரியுமா? ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று சர்வரில் இரண்டு தட்டுகளை ஜோடியாக மாட்டுவார்கள். இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் ஓட விட்டால்? இரண்டுக்கும் ஒரே நாளில் மணி அடிக்கும். 2022 ஜூலையில், கணினித் துறையினர் உலகமெங்கும் படிக்கும் ஹேக்கர் நியூஸ் என்ற அமெரிக்கத் தளத்துக்கு இதுதான் நேர்ந்தது. துணைச் சர்வரின் தட்டுகளும் முதன்மைச் சர்வரின் தட்டுகளும் சில மணி நேர இடைவெளியில் போயின.  எல்லாம் ஏறக்குறைய நாலரை வருடம் ஓடியவை. அந்த 40,000 மணித் தவறுதான் காரணம் என்று சந்தேகித்தார்கள். இருந்தும் அன்றைக்கே தளம் மீண்டும் எழுந்தது. ஏன்? மாற்றுப் படி ஒன்று வைத்திருந்தார்கள்.

நாங்கள் வைத்திருக்கவில்லை.

நாங்கள் என்றால், நான் பிறந்து வளர்ந்த தோட்டத்து ஆட்கள். மரங்களை வெட்டி வீடமைப்புக்குக் கொடுத்த பிறகு தாமான் தாமானாகச் சிதறிப்போனோம். 2011-இல் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் இணையப் பக்கம் செய்தோம். ஒவ்வொரு வீட்டிலும் தகரப் பெட்டியிலிருந்த பழைய படங்களை வாங்கிப் படியெடுத்து, ஏறக்குறைய 600 படம் சேர்த்தோம். விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பிரட்டுக்கு நிற்கும் பெண்கள், ஆயக்கொட்டகையில் பிள்ளைகள், மாரியம்மன் கோயிலின் கடைசித் திருவிழா. 2016-இல் புது எஸ்.எஸ்.டி. சர்வருக்கு மாறினோம். படங்கள் மின்னல் மாதிரி திறந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எட்டு மாதம். ஒரு காலையில் பக்கம் வெறுமையாக இருந்தது. கம்பெனியை அழைத்தேன். தட்டு போய்விட்டது என்றார்கள். பேக்கப் எங்கே என்றேன். இருந்தது ஐயா, அதே சர்வரில், அதே தட்டின் இன்னொரு பகுதியில் என்றார் அந்தத் தம்பி. அவரைக் குறை சொல்லி என்ன? வாங்கின படங்களை நான் என் கணினியில் வைத்திருந்தேன். "நெட்டில்தான் பத்திரமாக இருக்கிறதே" என்று அந்தக் கணினியைத் துடைத்துச் சொந்தக்காரப் பையனுக்குக் கொடுத்தவனும் நான்தான். கிள்ளானில் இருக்கும் பழைய கிராணியாரின் மகள், எப்போதோ குறுந்தட்டில் படியெடுத்து வைத்திருந்த 140 படங்கள் கிடைத்தன. மற்றவை போனவைதான். சில வீடுகளில் அசல் படங்கள்கூடக் கறையான் அரித்தும் வெள்ளத்தில் நனைந்தும் போயிருந்தன. ஒருவர் என்னை அழைத்து, "அண்ணே, எங்கள் பாட்டி படம் வேறு யாரிடமாவது இருக்குமா?" என்று கேட்டார். அந்தக் கிழவி வாழ்நாளில் எடுத்துக்கொண்ட ஒரே படம் அது. நானே கேட்டு வாங்கியது. இன்றைக்கும் அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

சகோதரி, உங்கள் பக்கத்தில் எது போனால் திரும்பாது என்று யோசித்துப் பாருங்கள். முறுக்கைப் படம் பிடிப்பது நாளைக்கும் நடக்கும். விலைப்பட்டியலை ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம். ஆனால் நாலு வருடமாக வாங்கும் மனிதர்களின் பெயர், விலாசம், போன் நம்பர், யாருக்கு உப்புக் குறைவாக, யாருக்கு எள்ளு இல்லாமல் என்ற குறிப்பு? அதுதான் உங்கள் கடை. அதை வாரம் ஒரு தடவை சர்வரிலிருந்து இறக்கி, ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். இன்னொரு படியை அக்காள் மகன் தன் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். உங்கள் வீடும் அவன் வீடும் வேறு ஊர் என்பது நல்லதுதான். 2021 மார்ச்சில் பிரான்ஸ் நாட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். கம்பெனியின் சர்வர் கட்டடம் ஒன்று எரிந்தே போனது. மாற்றுப் படியையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

பழைய எஸ்.எஸ்.டி. ஒன்றில் கல்யாணப் படங்களைப் போட்டு அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கரண்ட் இல்லாமல் கிடந்தால் அறைகளிலிருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும். வீட்டுத் தட்டு ஒன்று ஆயுள் முழுவதும் தேய்ந்த பிறகும், 30 டிகிரி சூட்டில் 1 வருடம் தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் தொழில்துறை வைத்திருக்கும் அளவு. அதற்கு மேல் எவ்வளவு காலம் என்பது அதிர்ஷ்டம். நம் ஊர் சூடு உங்களுக்குத் தெரியும். அவ்வப்போது எடுத்துச் சொருகிப் பார்த்து, வேறொன்றிலும் படி எடுங்கள்.

கம்பெனிக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியதைச் சொல்லிவைக்கிறேன். இப்போது நான் இருப்பது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா? தட்டு சர்வருக்கென்று செய்ததா? பேக்கப் தினமும் எடுக்கிறீர்களா, அது வேறு கட்டடத்தில் இருக்கிறதா? போன மாதப் படியை இப்போதே எனக்குத் திருப்பித் தர முடியுமா? கடைசிக் கேள்வியை வாயால் கேட்பதோடு விடாதீர்கள். ஒரு தடவை தரச் சொல்லி, அக்காள் மகனை விட்டுத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப்பை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் நிறையப் பேர். படங்களைச் சுருக்கிய பிறகும் பக்கம் தவங்கினால், அவர்கள் பதிலும் ஒழுங்காக இருந்தால், தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதத்துக்கு மட்டும் பெரிய திட்டத்துக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். 60 வெள்ளியோடு முடியும். "கெடவே கெடாது" என்று மறுபடியும் சொன்னால் வேறு கம்பெனி பாருங்கள்.

அதோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கிக்கொள்ளுங்கள், பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட புத்தகம். அதில் என் பெயரில் இரண்டு டின் அச்சு முறுக்கு எழுதிக்கொள்ளுங்கள், இந்தத் தீபாவளிக்கு. காசு முன்பணமாக அனுப்புகிறேன்.